ரிச்சர்ட் ப்ரையரை முழுசாகப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஸ்டாண்ட்-அப் காமெடி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் இந்தக் கலையை நேரில் பார்த்தால்தான் உண்டு, கேமராவில் பிடித்தால் பாதி உயிர் போய்விடும் என்று போகிற போக்கில் தீர்ப்பு சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் அமெரிக்க நகைச்சுவைக் கலைஞர் ரிச்சர்ட் ப்ரையரின் ரசிகன். அவர் 2005-லேயே போய்விட்டார், அவரை மேடையில் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. எனக்குக் கிடைத்ததெல்லாம் படங்கள்தான். அவற்றைப் பார்த்தே சொல்கிறேன், எடுக்கிறவர் ஒழுங்காக எடுத்தால் ஒன்றும் போகாது.

1978 டிசம்பரில் கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் எடுத்து, 1979-ல் தியேட்டர்களில் வெளியான 'லைவ் இன் கான்சர்ட்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் பேச ஆரம்பிக்கும்போது கூட்டம் இன்னும் உட்கார்ந்து முடிக்கவில்லை. இடைவேளைக்கு வெளியே போன வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்து, தங்கள் சீட்டில் கறுப்பர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து என்ன செய்வார்கள் என்று அந்த நிமிஷமே நடித்துக் காட்டுகிறார். சிவப்புச் சட்டை, ஒரு மைக், அவ்வளவுதான். பிறகு தனக்கு மாரடைப்பு வந்த கதை. இதயம் ஒரு தெரு ரவுடி மாதிரி அவரிடம் பேசுகிறது, மூச்சு விடாதே என்று அதட்டுகிறது, அவர் முட்டி போட்டு, அப்படியே தரையில் சாய்ந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கெஞ்சுகிறார். கடவுளிடம் முறையிடப் பார்த்தால், 'எனக்குத் தெரியாமல் மேலே பேசுகிறாயா' என்று அதற்கும் ஒரு குத்து. இதயமும் அவர்தான், அடி வாங்குகிறவரும் அவர்தான். இதில் சிரிப்பு வார்த்தையில் பாதி, உடம்பில் பாதி. கேமரா அந்த உடம்பை விட்டு விலகாமல் நிற்கிறது, சிரிக்கிறவர்கள் முகத்தைக் காட்டுகிறேன் என்று ஓயாமல் கூட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கவில்லை. கடைசி வரிசை டிக்கெட் வாங்கி நேரில் போயிருந்தால்கூட அந்த முகம் எனக்கு இவ்வளவு கிட்டத்தில் தெரிந்திருக்காது.

அதே படத்தில், வளர்த்த குரங்குகள் செத்துப்போய் அவர் அழுதுகொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு நாய் வேலி தாண்டி வந்து துக்கம் விசாரிக்கும் இடம் ஒன்று உண்டு. ஆறுதல் எல்லாம் சொல்லிவிட்டு, நாளைக்கு உன்னை மறுபடியும் துரத்துவேன், தெரியும்தானே என்று சொல்லிவிட்டுப் போகும். ஒரு நாயின் முகபாவத்தை மனிதன் இப்படிக் கொண்டுவர முடியுமா என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

1982-ல் வந்த 'லைவ் ஆன் தி சன்செட் ஸ்ட்ரிப்' இந்த அளவுக்குச் சீராக இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் எடுத்து ஒட்டியது, ஓட்டம் நடுவில் அறுவது தெரியும். ஆனாலும் அதில் இரண்டு இடங்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, ஆப்பிரிக்காவுக்குப் போய் வந்த பிறகு, கறுப்பர்களை இழிவாகச் சொல்லும் அந்த வார்த்தையை இனி வாயில் எடுக்க மாட்டேன் என்று சொல்கிற இடம். அதே வார்த்தையைத் தன் காமெடிப் பேச்சின் ஒலிப்பதிவு ஆல்பத்தின் தலைப்பிலேயே வைத்து கிராமி விருது வாங்கியவர் அவர், அதனால்தான் அது அவ்வளவு கனமாக விழுகிறது. இன்னொன்று, போதைப் பழக்கத்தில் 1980-ல் உடம்பில் தீப்பற்றிச் சாகக் கிடந்த கதை. கோகைன் புகைக்கும் குழாய் அவரிடம் நண்பன்போல நைசாகப் பேசும், அந்தக் குரலைக் கேட்டால் சிரித்துக்கொண்டே பயப்படுவீர்கள். முடிவில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி நகர்த்திக் காட்டி, தெருவில் ஓடும் ரிச்சர்ட் ப்ரையர் என்று ஊரார் தன்னை வைத்துச் சொன்ன ஜோக்கைத் தானே சொல்கிறார்.

1983-ல் நியூ ஆர்லியன்ஸில் எடுத்த 'ஹியர் அண்ட் நவ்' அவரே இயக்கியது. மூன்றில் அதுதான் பலவீனம் என்பேன், கூட்டத்திலிருந்து சும்மா சும்மா யாராவது கத்துகிறார்கள். ஆனால் அந்தத் தொந்தரவை வெட்டி எறியாமல் விட்டிருக்கிறார், அவர் அதைச் சமாளிப்பதையும் பார்க்கிறோம். நேரில் என்றால் இதுவும்தானே சேர்த்தி?

என் கோபமெல்லாம் படம்பிடிப்பதன் மேல் இல்லை, துண்டு போடுவதன் மேல்தான். இப்போது பலருக்கும் ப்ரையரைத் தெரிவது செல்போனில் ஓடும் அரை நிமிட வீடியோவாகத்தான். மாரடைப்புக் கதையை அரை நிமிடமாக வெட்டினால் ஒரு மனிதர் தரையில் புரள்வதுதான் மிஞ்சும். அவர் பேச்சில் கெட்ட வார்த்தை ஏராளம், குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்கிற சமாசாரம் இல்லை, அந்த ஆங்கிலமும் நமக்குச் சட்டென்று பிடிபடாது, சப்டைட்டில் போட்டுக்கொள்வது நல்லது. அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது உங்கள் கட்டுரையாளர் 1979 படத்தை வெட்டாமல் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மதுரை