கண்ணை மூடிய பிறகும் கோப்பு கிடைக்க வேண்டும்

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்புள்ள குணா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு ஜொகூரில் ஆசிரியர் வேலை உறுதியானதில் இங்கே எல்லோருக்கும் மகிழ்ச்சி. என் பாடு வழக்கம்போலத்தான்: முட்டிவலி, மழை, சாலை நெரிசல்.

வீட்டுக் காகிதங்களைக் கணினியில் ஒழுங்குபடுத்த எந்த மென்பொருள் நல்லது என்று கேட்டிருந்தாய். நான் பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் பக்கம் சாய்ந்துவிட்டேன். இலவசம், திறமூலம்; அதாவது அதன் மூலநிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். பழைய மடிக்கணினி ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டு, மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாக ஓட்டும் டாக்கர் வழியாக நிறுவியிருக்கிறேன். நம் காகிதம் எதுவும் அயலார் சேவையகத்துக்குப் போவதில்லை.

மாயன், டாக்ஸ்பெல் என்று இதே வேலைக்கான வேறு இரண்டு மென்பொருள்களையும் பார்த்தேன். யார் திறக்கலாம், யார் திருத்தலாம், எந்தக் கட்டத்தில் யார் கையெழுத்திட வேண்டும் என்று மாயனில் ஏகப்பட்ட ஏற்பாடு. பெரிய அலுவலகத்துக்குச் சரி. கிழவனும் கிழவியும் இருக்கும் வீட்டில் யார் யாருக்கு அனுமதி கொடுப்பது? டாக்ஸ்பெல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நாமாக மாற்றாவிட்டால், கோப்புகளைத் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்கிறது; சாதாரணக் கோப்புறையில் தேடினால் அவை கண்ணில் படாது. அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒவ்வொன்றிடமும் நான் கேட்டது ஒரே கேள்வி: நான் கண்ணை மூடிய பிறகு, இந்த மென்பொருளே ஓடாமல் போனாலும், சாந்தியால் வீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுக்க முடியுமா? பேப்பர்லெஸ்ஸில் மூலக் கோப்புகள் சாதாரணக் கோப்புறையில் பிடிஎஃப் ஆகவே கிடக்கின்றன. முதலில் வெறும் எண்தான் பெயராக இருக்கும். அமைப்பில் ஒரு வரி எழுதினால் ஆண்டு, அனுப்பியவர், தலைப்பு என்று அதுவே அடுக்கிவிடும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் போதும், யாரும் படிக்கலாம்.

அதே வசதிதான் ஆபத்தும். கோப்புகளை அது மறையாக்கம் செய்வதில்லை, அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவதில்லை. மடிக்கணினியைத் திருடினால் அடையாளக் கார்டு நகல் வரை திருடனுக்குத் திறந்த வீடு. ஆகவே முழு வட்டையும் மறையாக்கம் செய்துவிடு. வெளி இணையத்துக்குத் திறந்தும் வைக்காதே.

வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டு மதிப்பீட்டு வரி பில்லை ஸ்கேன் செய்து குறிப்பிட்ட ஒரு கோப்புறையில் போட்டால், அதுவே எடுத்து, எழுத்துகளைப் படித்து, தேதியைக் கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்கிறது. பிறகு தேடலில் வீட்டு எண்ணைத் தட்டினால் பழைய பில்களெல்லாம் வரிசையாக வருகின்றன. சில பில்களுக்கு நாம் குறிச்சொல் இட்டுக் காட்டினால், அடுத்து வருவதற்கு அதுவாகவே இடப் பழகுகிறது. எழுத்தைப் படிப்பது அதற்குள் இருக்கும் டெசராக்ட் என்ற இன்னொரு மென்பொருள். தமிழும் மலாயும் அதற்குத் தெரியும், ஆனால் அந்த இரண்டு மொழிகளையும் நீதான் அமைப்பில் சேர்க்க வேண்டும். அச்சுத் தமிழ் ஓரளவு தேறுகிறது. தோட்டத்துக் காலத்துப் பிறப்புப் பத்திரத்தில் குமாஸ்தா கிறுக்கிய பெயர் அதற்குச் சுத்தமாகப் பிடிபடாது. அவற்றுக்கெல்லாம் தலைப்பை உன் கையால் அடி.

ரசீதுகளில் இருந்து தொடங்கு என்பேன். மருந்தகம், புத்தகக் கடை எல்லாம் வெப்பத்தாளில்தான் அச்சடித்துத் தருகின்றன. நம் ஊர்ச் சூட்டில் அது மெல்ல வெள்ளைத்தாளாகிவிடும்; வருமான வரி வாரியமோ ரசீதுகளை 7 ஆண்டு வைத்திரு என்கிறது. வீட்டுப் பத்திரத்தின் அசலை மட்டும் எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதே. 2017 நவம்பர் வெள்ளத்தில் அத்தை வீட்டு அலமாரியின் அடித்தட்டு மூழ்கியது நினைவிருக்கிறதா? அசல் மேல்தட்டில் இருக்கட்டும், நகல் வட்டில் இருக்கட்டும். வட்டின் இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்க வேண்டும். வேண்டுமானால் உன்னுடையதை நான் வைத்துக்கொள்கிறேன், என்னுடையதை நீ வைத்துக்கொள்.

இலவச மென்பொருளை நடத்துகிறவர் நாளை விட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது என்பது உன் பயம். நியாயம்தான். ஆனால் இதன் கதையைப் பார். முதலில் பேப்பர்லெஸ் என்று ஒருவர் தொடங்கினார். அது தேங்கியபோது இன்னொருவர் அதிலிருந்து பேப்பர்லெஸ் என்ஜி என்று கிளை பிரித்தார். அதுவும் நின்றபோது, 2022 முதல் ஒரு குழுவே என்ஜிஎக்ஸ் என்று எடுத்து நடத்துகிறது. மூலநிரல் திறந்து கிடந்ததால்தான் இது நடந்தது. சந்தா கட்டிய எத்தனையோ சேவைகள் அறிவிப்பு ஒன்றோடு கடையை மூடியிருக்கின்றன.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கு வருகிறாய் அல்லவா, ஒரு பை காகிதத்தைக் கையோடு கொண்டு வா. என் ஸ்கேனர் தாள்களைத் தானே இழுத்துக்கொள்ளும். கம்பிப் பின்களை மட்டும் அங்கேயே பிடுங்கிவிட்டு வா, இங்கே வந்து உட்கார்ந்து பிடுங்க எனக்குப் பொறுமை இல்லை.

அன்புடன்,
சேகர்