கொட்டேசனில் புரொசசரின் முழுப்பெயரை எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சுன்னாகத்தில் தட்டச்சு, நகல், அச்சு வேலைகள் செய்யும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். சாதாரண தரப் பெறுபேறு வந்து பிள்ளைகள் உயர்தரத்துக்குப் போகும் காலத்தில், கொம்பியூட்டர் வாங்கப்போகும் அயலவர்கள் விற்பனைக் கடை கொடுத்த கொட்டேசனை (விலை விபரத் தாளை) கொண்டுவந்து "இதை ஒருக்காப் பாருங்கோ தங்கச்சி" என்று நீட்டுவார்கள். அந்தத் தாள்களில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு குறையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

"கோர் ஐ5, 8 ஜிபி ராம், வீஜீஏ கார்ட்" என்று இருக்கும். கோர் ஐ5 என்பது இன்டெல் நிறுவனத்தின் புரொசசர், அதாவது கொம்பியூட்டரின் மூளை. வீஜீஏ கார்ட் என்பது மொனிட்டருக்குப் படம் அனுப்பத் தனியாகப் போடும் கிராபிக்ஸ் கார்ட். எந்தத் தலைமுறை ஐ5? இலக்கத்தின் பின்னால் என்ன எழுத்து? அது எதுவும் இருக்காது. 2012இல் வந்த 3470உம் ஐ5 தான், 2022இல் வந்த 12400உம் ஐ5 தான். 2022இல் வந்த ஐ3 12100க்குக் கிட்டவும் அந்தப் பழைய ஐ5 நிற்காது. ஆனால் ஐ3 என்றதும் பெற்றோருக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

எழுத்து இதைவிட முக்கியம். இன்டெல் இலக்கத்தின் முடிவில் எஃப் இருந்தால் அந்தப் புரொசசருக்குள் கிராபிக்ஸ், அதாவது மொனிட்டருக்குப் படத்தை உருவாக்கி அனுப்பும் பகுதி, இல்லை. 12100க்குள் யூஎச்டி 730 கிராபிக்ஸ் இருக்கிறது, 12100எஃப்புக்குள் இல்லை. இன்டெல்லின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் கணக்கு மாறும். ஏஎம்4 வகை மதர்போர்டுக்கு (பாகங்களையெல்லாம் பொருத்தும் தாய்ப்பலகைக்கு) வரும் ரைசன் புரொசசர்களில் ஜி என்ற எழுத்து இருந்தால்தான் கிராபிக்ஸ். 5600ஜிக்கு உண்டு, வெறும் 5600க்கும் 5500க்கும் இல்லை. புதிய ஏஎம்5 வகையில் 7600 போன்றவற்றில் எழுத்து இல்லாமலே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உண்டு. விற்கிறவருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பிள்ளையின் படிப்புக்கென்று சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு போகும் தாய்க்கு எப்படித் தெரியும்?

மல்லாகத்திலிருந்து ஒரு ஐயா மகனின் கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மொனிட்டரில் படம் வரவில்லை. பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே கையகலத்தில் என்விடியாவின் ஜீ.ரி. 710 கிராபிக்ஸ் கார்ட் ஒன்று, அதன் அலுமினியத் தகட்டு இடுக்கெல்லாம் செம்மண் தூசி. கார்ட்தான் பழுதாகியிருக்கும் என்று அதைக் கழற்றி எடுத்துவிட்டு, மதர்போர்டின் பின்பக்க எச்டிஎம்ஐ துளையில் வயரைச் செருகிப் பார்த்தேன். அதிலும் படம் இல்லை, ஏனென்றால் உள்ளே இருந்தது எஃப் வகை. மதர்போர்டில் துளை இருந்தாலும், அதற்குப் படத்தை அனுப்ப வேண்டியது புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ்தான். பரீட்சை நெருங்கிய நேரத்தில், இன்னொரு கார்ட் வாங்கும்வரை அந்தப் பிள்ளையின் கொம்பியூட்டர் சும்மா கிடந்தது. முதலிலேயே எஃப் இல்லாத 12100ஐப் போட்டிருந்தால் கார்டே தேவைப்பட்டிராது.

அந்தக் கார்டால் பெரிய பயன் இருந்ததா என்றால் அதுவும் இல்லை. அதன் கெப்ளர் வடிவமைப்பு 2012இல் வந்தது. பாதுகாப்புத் திருத்தங்கள் தவிர, அந்தத் தலைமுறைக்குப் புதிய டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) கொடுப்பதை என்விடியா 2021இல் நிறுத்திவிட்டது. யூடியூப் இப்போது பயன்படுத்தும் விபி9, ஏவி1 வகை வீடியோக்களைத் தானே ஓட்டும் வசதி அதில் கிடையாது, அந்தச் சுமை முழுக்கப் புரொசசரின் தலையில் விழும். 12100க்குள் இருக்கும் கிராபிக்ஸ் இரண்டையும் ஓட்டும். 5600ஜி விபி9ஐ ஓட்டும், ஏவி1 மட்டும் அதற்கு இயலாது. ஆனால் படம் வரையும் வலுவில் 5600ஜியின் வேகா கிராபிக்ஸ் அந்த 710ஐ எங்கேயோ விட்டுவிட்டுப் போய்விடும். யூடியூப்பில் பாடம் பார்க்கும் பிள்ளைக்கு மேலதிகமாகக் காசு கொடுத்துக் குறைந்த சாமானை வாங்கிக் கொடுக்கிறோம். இது எனக்கு மிகுந்த மனவருத்தம்.

உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்துக்குப் பைதன், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் வேண்டும். இவை எதுவும் தனிக் கார்ட் கேட்பதில்லை. எங்கள் கடையில் ஓடுவதும் 5600ஜிதான், கார்ட் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்த கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்), போட்டோஷொப்பில் திருத்தும் படங்கள், திருமண அழைப்பிதழ் எல்லாம் அதில்தான் நடக்கின்றன. கரண்ட் போனாலும் சின்ன யூபிஎஸ்ஸிலேயே வேலையைச் சேமித்து நிறுத்த நேரம் கிடைக்கிறது.

மிஞ்சும் காசை ராமிலும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) எஸ்எஸ்டியிலும் (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான சேமிப்பகம்) போடச் சொல்கிறேன். உள்ளே இருக்கும் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் இல்லை. பங்குக் கிணற்றில் இரண்டு வீட்டார் அள்ளுவதுபோல புரொசசரும் கிராபிக்ஸும் அதே ராமில்தான் அள்ளும். ஆகவே 16 ஜிபி துண்டு ஒன்றைவிட 8 ஜிபி துண்டு இரண்டு நல்லது. டிடிஆர்4 3200 ராம் ஒன்று மட்டும் என்றால் வினாடிக்கு 25.6 ஜிபி வேகம், சோடியாகப் போட்டால் 51.2. நான்கு துளை உள்ள மதர்போர்டில் பெரும்பாலும் இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் செருகினால் அந்த வேகம் வராது. மொத்தமே 8 ஜிபி என்றால் கிராபிக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கப்பட்டு விண்டோஸுக்கு 6 ஜிபிதான் மிஞ்சவும் கூடும். ராமைக் களவெடுத்துவிட்டார்கள் என்று ஒரு பெடியன் கடையோடு சண்டைக்கே வெளிக்கிட்டான். அதில் கடைக்காரரில் பிழை இல்லை, ஆனால் விற்கும்போதே ஒரு சொல் சொல்லியிருக்கலாம்.

வீடியோ எடிட்டிங்கைத் தொழிலாகச் செய்கிறவர்கள், முப்பரிமாண வேலை செய்கிறவர்கள், பெரிய கேம் விளையாட வேண்டும் என்கிறவர்கள் நல்ல கார்டாகவே வாங்கட்டும். அவர்களுக்கு 710 போதவும் போதாது.

பாவித்த கொம்பியூட்டர் வாங்குகிறவர்களுக்கும் ஒன்று. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு, ஒரு சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். மலிவு என்று நான்காம் தலைமுறை ஐ5ஐ எடுக்கும் முன் இதைக் கேளுங்கள்.

யாழ்ப்பாண நகரின் கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதி தொடங்கி நெல்லியடி, சாவகச்சேரி வரை உள்ள கொம்பியூட்டர் கடைக்காரர்களிடம் நான் கேட்பது பெரிய விடயம் இல்லை. கொட்டேசனிலும் பில்லிலும் புரொசசரின் இலக்கத்தை எழுத்தோடு சேர்த்து முழுமையாக எழுதுங்கள். அதன் கீழே "கிராபிக்ஸ் உள்ளே உண்டு" அல்லது "இல்லை" என்று தமிழில் ஒரு வரி போடுங்கள். பாடசாலைகளில் இந்தப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்கள் பெற்றோர் கூட்டத்தில் எந்த அளவு கொம்பியூட்டர் போதும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் நல்லது. தங்கள் பத்திரிகையின் மாணவர் பக்கத்திலும், பெறுபேறு வெளியாகும் வாரத்தில், இந்த எழுத்துகளின் விளக்கத்தை ஒரு சிறிய கட்டமாகப் பிரசுரித்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
சுன்னாகம்.