பிள்ளைகளைப் பேசவைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

என் கணவர் இறந்த பிறகு எங்கள் வீட்டில் அவர் பெயரையே யாரும் சொல்வதில்லை. பிள்ளைகள் முன்னால் அந்தப் பேச்சை எடுக்காதே என்று ஊரிலிருந்து போனில் சொன்னவர்கள் பாசத்தில்தான் சொன்னார்கள். மகள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். சின்னவன் கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான்.

அந்தச் சமயத்தில், நெருங்கியவரைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்கென்றே நடக்கும் 'கேம்ப் எரின்' முகாமின் விண்ணப்பத்தை எடுத்துவந்து, எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பிக்கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கு முதல் நன்றி. "காசு கிடையாது, ஒரு வாரக்கடைசிதானே, அனுப்பு" என்றார்.

அடுத்தது, அந்த முகாமைத் தொடங்கிய ஜேமி மோயர், கேரன் மோயர் இருவருக்கும். மோயர் எங்கள் வீட்டுக்குப் புதியவரல்ல. அவர் சியாட்டில் மரைனர்ஸ் பேஸ்பால் அணியில் பிட்சராக, அதாவது பந்து எறிபவராக, ஆடிய காலத்தில், கிரிக்கெட் பைத்தியமான என் கணவர் அவருக்காகவே பேஸ்பால் பார்த்தார். "மத்தவன்லாம் 145, 150 கிலோமீட்டர்ல எறியறான். இவர் 130-ஐத் தொட்டாலே பெரிசு. நம்ம ஸ்பின்னர் மாதிரி ஏமாத்தியே அவுட்டாக்கறார்" என்பார். 2003-இல் 21 வெற்றி. 2012-இல் 49 வயதில், முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகும் கொலராடோ ராக்கீஸ் அணிக்கு ஆடி ஜெயித்து, அமெரிக்காவின் முதல்தர பேஸ்பால் போட்டியான மேஜர் லீக்கில் வென்ற மிக மூத்த பிட்சர் ஆனார். அன்று என் கணவர் பாயசம் வைக்கச் சொன்னார்!

17 வயதில் புற்றுநோயால் இறந்த எரின் என்ற பெண்ணின் நினைவாக, 2002-இல் வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் நகரில் முதல் முகாம் நடந்தது. இன்று பல நகரங்களில் நடக்கிறது. மோயரின் 269 வெற்றிகளைவிட எனக்கு இதுதான் பெரிது.

முகாமுக்கு அப்பாவின் படம் ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கோட் போட்ட படத்தை எடுத்துவைத்தேன். சின்னவன் அதை ஒதுக்கிவிட்டு, லுங்கியோடு கார் கழுவும் படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான். திரும்பி வந்ததும் மகள் சொன்னாள்: "அங்க எல்லாருக்குமே வீட்ல யாரோ இல்லம்மா. ஒருத்தரும் என்னைப் பாவமாப் பாக்கல."

சின்னவன் வாய் திறக்கும்வரை வற்புறுத்தாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அந்தத் தன்னார்வலருக்கும், சமையல் செய்து அனுப்பிய தோழிகளுக்கும் என் நன்றி.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி வீட்டுக்கு வந்தால் அவர் பெயரைத் தாராளமாகச் சொல்லுங்கள். அப்பா காலேஜில் செய்த சேட்டைகளைச் சின்னவன் கேட்டுக்கொண்டே இருக்கிறான். எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துவிட்டது. கூடப் படித்தவர்கள் யாராவது கூப்பிடுங்கள்.