வயிற்றையும் கண்ணையும் சேர்த்துப் பாருங்கள்: மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைநல மருத்துவர்களுக்கும், குடல், கண் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

என் தம்பிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து வயிற்றுப்போக்கு. வகுப்பில் வாசலோரம்தான் உட்காருவான். புது இடத்துக்குப் போனால் முதலில் கழிவறை எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்வான். குடல் பலவீனம் என்றார்கள், தேர்வுப் பயம் என்றார்கள். 14 வயதில் இரு கண்களிலும் புரை விழுந்தது. அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. அந்த அறையில் யாரும் அவன் வயிற்றைப் பற்றிக் கேட்கவில்லை; எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை. இருபதுகளில் குதிகாலுக்கு மேலே, தசைநாணில் ஒரு வீக்கம், தொட்டால் கல் மாதிரி. செருப்புக் கடி என்று விட்டுவிட்டோம். பிறகு நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. நோயின் பெயர் தெரிந்தபோது அவனுக்கு 33 வயது: செரிப்ரோடென்டினஸ் சாந்தோமடோசிஸ்.

1937-லேயே விவரிக்கப்பட்ட நோய் இது. கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலம் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். அதற்கான சிஒய்பி27ஏ1 மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதாக வந்தால், கீனோடியாக்சிகோலிக் அமிலம் என்னும் பித்த அமிலம் போதிய அளவு உருவாகாது. ‘போதும், நிறுத்து’ என்று கல்லீரலுக்குச் சொல்வதும் அந்த அமிலம்தான். அது இல்லாததால் பாதி வழியில் நின்ற பொருள்கள் பெருகுகின்றன. கொலஸ்டனால் என்ற கொழுப்பு கண்ணின் வில்லையிலும் தசைநாணிலும் மூளையிலும் படிகிறது. குடல் முதலில் முறையிடுகிறது. மூளை பல ஆண்டுகள் கழித்து.

வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையை நம்பிவிடாதீர்கள். இந்த நோயில் அது பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ‘இயல்பு’ என்று அச்சிட்ட தம்பியின் இரண்டு முடிவுகள் இன்னும் என் கோப்பில் இருக்கின்றன. பார்க்க வேண்டியது இரத்தத்தில் கொலஸ்டனால் அளவு. உறுதிசெய்ய மரபணுப் பரிசோதனை.

இத்தனை வற்புறுத்திக் கேட்பதற்குக் காரணம், இதற்கு மருந்து இருக்கிறது. பரம்பரை மூளைச் சிதைவு நோய்களில் இப்படிச் சொல்ல முடிவது அபூர்வம். உடல் தயாரிக்காத அதே பித்த அமிலத்தை மாத்திரையாகக் கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் பித்தப்பைக் கற்களைக் கரைக்கக் கொடுத்த மருந்துதான். ஐரோப்பா 2017-லும் அமெரிக்கா 2025-லும் இந்த நோய்க்கென்றே அதை அனுமதித்தன. ஆனால் சிதைந்த நரம்பை அது முழுதாக மீட்டுத் தராது. தம்பியின் வயிறு இப்போது அடங்கிவிட்டது. படியிறங்க மட்டும் என் தோளைப் பிடித்துக்கொள்கிறான்.

அவனுக்குத் தெரிந்த பிறகுதான் எங்கள் தங்கைக்குப் பரிசோதனை செய்தோம். உடன்பிறந்தவருக்கு நான்கில் ஒரு வாய்ப்பு, அவளுக்கும் இருந்தது. அவளுக்கும் சிறுவயது முதல் வயிற்றுத் தொல்லை உண்டு, வீட்டில் சகஜம் என்று அதையும் ஒதுக்கியிருந்தோம். நடை தடுமாறும் முன்பே அவளுக்கு மாத்திரை கிடைத்துவிட்டது.

தீராத வயிற்றுப்போக்கோடு வரும் பிள்ளையிடம் கண் பார்வை பற்றிக் கேளுங்கள். சிறு வயதில் புரையோடு வரும் பிள்ளையிடம் வயிற்றைப் பற்றிக் கேளுங்கள். பெரியவர்களானால் செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகால் நாணைத் தொட்டுப் பாருங்கள். நோய் உறுதியானால், உடன்பிறந்தவர்களையும் அழைத்து வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா