கடை வலைதளத்தில் வெறும் கட்டம் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை விற்கிறவர்கள் முதல் ஊறுகாய் போடுகிறவர்கள் வரை இப்போது பலரும் சொந்தமாக வலைதளம் வைத்திருக்கிறார்கள், நல்ல விஷயம். ஆனால் முகப்பிலேயே இன்ஸ்டாகிராம் படங்கள் தானாக வந்து விழுகிற விட்ஜெட்டை, அதாவது பக்கத்தில் பொருத்துகிற சின்னப் பெட்டியைப் போட்டுவிட்டு, அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தனிநபர் கணக்கிலிருந்து படங்களை எடுத்துத் தந்த பழைய இணைப்பு வசதியை, இன்ஸ்டாகிராமை நடத்துகிற மெட்டா நிறுவனம் 2024 டிசம்பர் 4-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. கணக்கை பிசினஸ் அல்லது கிரியேட்டர் கணக்காக மாற்றி, விட்ஜெட்டை மறுபடி இணைத்தால்தான் படம் வரும். இது தெரியாத கடைகளின் பக்கத்தில் சேலைப் படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டம்தான் தெரிகிறது. புதிதாக வருகிறவர் கடையையே மூடிவிட்டார்கள் என்றுதானே நினைப்பார்? கணக்கை மாற்றக் காசு கிடையாது, செட்டிங்ஸில் சில நிமிட வேலை.

என்னைக் கேட்டால் விட்ஜெட்டைப் பக்கத்தின் அடியில் வைத்தாலே போதும். அது வெளி சர்வரிலிருந்து ஸ்கிரிப்டை (தன்னை இயக்கும் நிரலை) இழுப்பதால் சுமாரான சிக்னலில் பக்கம் திறக்கவே நேரமாகும். விலை, வாட்ஸ்அப் எண், முகவரி இவைதான் முதலில் தெரிய வேண்டும். வலைதளம் செய்து தருபவர்களும் பணம் வாங்கியதோடு போய்விடாமல், விட்ஜெட் எந்தக் கணக்கில் இணைந்திருக்கிறது, பாஸ்வேர்டு என்ன என்பதைக் கடைக்காரரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

– வாசகர், திண்டுக்கல்