பெங்களூருக்குத் திரும்பும் தம்பிக்கு

தம்பி,

திங்கட்கிழமை விமானக் கம்பெனி வேலையில் மறுபடி சேர்வதாக அடுத்த அறையில் இருந்துகொண்டே வாட்சப்பில் சொன்னாய். நானும் 'சரி' என்று பதில் போட்டேன். அதோடு விட மனசு வரவில்லை. நேரில் பேச்செடுத்தால் நீ மொட்டைமாடிக்குப் போய்விடுவாய், அதனால் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். ஏப்ரலில் அந்த ராத்திரி நடந்ததைப் பற்றி இதில் ஒரு வரியும் வராது, பயப்படாதே.

எனக்குச் சொல்ல வேண்டியது முப்பந்தலைப் பற்றி. வள்ளியூரில் சித்தியைப் பார்த்துவிட்டு வரும்போது இசக்கியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வண்டியை எடுத்தோம். ஆனி மாதக் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் வந்ததும் வண்டியையே பக்கவாட்டில் தள்ளியது. ரோட்டோரக் காலி இடத்தில் கழற்றிப்போட்ட காற்றாலை இறக்கை ஒன்று புல்லுக்குள் கிடந்தது. "நிப்பாட்டு எக்கா" என்றாய். பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து, இறக்கையின் மேல் தட்டிக்கொண்டே நடந்தாய். டிக், டிக், டிக் என்று ஒரே சீராகக் கேட்டது. ஓரிடத்தில் 'தொப்' என்றது. முன்னும் பின்னும் தட்டிக் காட்டினாய், அந்த உள்ளங்கை அளவு இடம் மட்டும் 'தொப்'. நான் குனிந்து பார்த்தேன். பெயின்ட் உரியவில்லை, கீறல்கூட இல்லை.

"உள்ள அடுக்கு விட்டுப் போச்சு, கேட்டியா. வெளிய தெரியாது."

பெங்களூரிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு நீ வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான். தகரத்தில் சுத்தியல் விழுந்தால் குழி விழும், கார்பன் ஃபைபரில் விழுந்தால் மேற்பரப்பு பழையபடி நிமிர்ந்துவிடும், உள்ளே மட்டும் அடுக்குகள் பிரிந்திருக்கும் என்றாய். போயிங் 787-இன் எடையில் பாதியும், ஏர்பஸ் ஏ350-இல் அதைவிடக் கொஞ்சம் அதிகமும் இப்படிப்பட்ட பொருள்தான், அதனால் அல்ட்ராசவுண்ட் வைத்து உள்ளே பார்ப்பார்கள், சில இடங்களில் நாணயத்தால் தட்டியும் பார்ப்பார்கள் என்றாய். அப்புறம் காமெட் என்ற பழைய பயணிகள் ஜெட் விமானத்தின் கதை. 1954-இல் ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என்று இரண்டு விமானங்கள் வானத்திலேயே சிதறின. காரணம் தேட, இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவில் அதே ரக விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏறி இறங்கும் அழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்தார்கள். ஏற்கெனவே பறந்ததையும் சேர்த்து 3,057 தடவை தாங்கியது, அப்புறம் ஒரு திறப்பின் மூலையிலிருந்து கிழிந்தது.

"ஒவ்வொரு தடவையும் தாங்குற அளவுதான் எக்கா. திரும்பத் திரும்ப வந்ததுதான் பிரச்சினை. இப்ப நாங்க விரிசல் இருக்கும்னு வச்சிக்கிட்டுதான் கணக்குப் போடுவோம். அது பெருசாகறதுக்கு முன்னாடி எப்பப் பார்க்கணும்னு தேதி குறிப்போம்."

காற்றில் உன் சட்டை படபடத்தது. இவ்வளவு தெரிந்த பிள்ளை தனக்கு ஏன் ஒரு தேதி குறிக்கவில்லை என்று கேட்க வாய் வரை வந்தது. உன் முகம் அன்று தெளிவாக இருந்ததால் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு. தூக்கத்தில் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலி. சோறு பாதியில் எழுந்திருப்பது. பாத்திரம் உருண்ட சத்தத்துக்கு அம்மாவிடம் எரிந்து விழுவது. வயிறு எரியும்போதும் கட்டன் சாயா. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம். ஒவ்வொரு தடவையும் "புராஜெக்ட் முடிஞ்சா சரியாயிடும்" என்றாய். முடிந்தது, அடுத்தது வந்தது. ஒரு சிறகு தன் ஆயுளில் சந்திக்கக்கூடிய மிகப் பெரிய பாரத்தைப்போல் ஒன்றரை மடங்கு தாங்க வேண்டும் என்று சோதிக்கிறீர்கள். உன் நாளில் ஒரு மணி நேரம்கூட மிச்சம் வைக்கவில்லையே. பயணிக்கு அலுப்புத் தெரியக் கூடாது என்று புதிய விமானங்களில் உள்ளே இருக்கும் காற்றழுத்தத்தை 8,000 அடி உயரத்து அளவிலிருந்து 6,000 அடிக்குக் கொண்டுவந்ததைப் பெருமையாகச் சொன்னாய். அந்தக் கணக்கைப் போடுகிறவனை ராத்திரி பதினொரு மணிக்குக் கூப்பிடுகிறவர்கள் மேல் எனக்கு ஆத்திரம்தான். கம்பெனி பெயரை எழுதமாட்டேன், உனக்கு அங்கே வேலை இருக்கிறது.

உன்மேலும் கோபம் இருக்கிறது. போனில் "ஒண்ணும் இல்ல எக்கா" என்று சொல்லிச் சொல்லியே என்னை நம்ப வைத்தாய்.

உன்னைக் கேட்காமல் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னதற்கு மன்னித்துக்கொள். நீ அன்று காரில் பேசாமல் வந்தது இன்னும் எனக்கு வலிக்கிறது. ஆனால் விட்டிருந்தால் "தூக்கம் கொஞ்சம் கம்மி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்திருப்பாய். இன்னொரு தடவை வந்தாலும் நான் சொல்லத்தான் செய்வேன் மக்களே.

ஒன்று மட்டும் உன் விமானக் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. விரிசல் விட்ட விமானத்தை ஹேங்கரில் எத்தனை வருஷம் சும்மா போட்டாலும் அது மூடாது. நீ இந்தச் சில மாதங்களில் தேறினாய். விடியற்காலையில் சங்குத்துறைக் கடற்கரையில் நடந்ததும், போனைக் கூடத்தில் வைத்துவிட்டுத் தூங்கப் போனதும், மூச்சை இழுப்பதைவிட விடுவதை நிதானமாகச் செய்ததும் வேலை செய்தது. டாக்டர் சொன்னபோது இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று எனக்கே இருந்தது. உன் கண்ணுக்குக் கீழ் கறுப்பு மறைந்ததை நான்தான் தினமும் பார்த்தேன். அங்கே கடல் இல்லை, ஏதாவது ஏரிக்கரையில் நட. டாக்டர் கொடுத்த தேதியைத் தள்ளிப்போடாதே. என்னிடம் சொல்லப் பிடிக்காத நாளில் 14416-க்குப் போடு, டெலி மானஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது "எப்படி இருக்கே" என்று கேட்கமாட்டேன். எத்தனை மணிக்கு விழித்தாய், தாடை வலிக்கிறதா, கடைசியாக யாரிடம் எரிந்து விழுந்தாய் என்று கேட்பேன். பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம், திங்கட்கிழமை போகும் விஷயம் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அப்பா போனதிலிருந்து இந்த வீட்டில் கெட்ட செய்தி, நல்ல செய்தி எல்லாம் நான்தான் அம்மாவிடம் கொண்டுபோகிறேன். இதை நீயே போய்ச் சொல்லு. இன்றைக்கே.

அக்கா