எரிகிறதாம் நெபுலா!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு அறிவியல் பக்கத்தில் என்.ஜி.சி. 604 என்ற நெபுலாவின், அதாவது விண்வெளி வாயு மேகத்தின், படத்தைப் போட்டு, கீழே ‘பற்றி எரியும் வாயு மேகம்’ என்று எழுதியிருந்தீர்கள். “தீயணைப்பு வண்டி அங்கே போகாதா தாத்தா?” என்று கேட்டாள் என் பேத்தி. அவள் கேட்டதில் தப்பே இல்லை.

31 வருடம் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவன் நான். ஹைட்ரஜன் அடைத்த கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாய்ச்சி எத்தனையோ முறை மாணவர்களுக்குக் காட்டியிருக்கிறேன். இளஞ்சிவப்பாக ஒளிரும். உள்ளே எரிவதற்கு ஆக்சிஜன் ஏது? நெபுலாவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். மின்சாரத்தின் வேலையை அங்கே ராட்சத நட்சத்திரங்களின் புற ஊதாக் கதிர் செய்கிறது. அது ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிய்த்து எறிந்துவிடும். எலெக்ட்ரான் மறுபடி ஒட்டிக்கொண்டு, ஆற்றல் குறைந்து படிப்படியாக இறங்கும்போது கிடைப்பதுதான் அந்தச் சிவப்பு.

அந்த நெபுலாவுக்குள் இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் 200-க்கு மேல் இருக்கின்றன. படத்தில் குகை குகையாகத் தெரிகிறதே, அவை நட்சத்திரக் காற்று, அதாவது நட்சத்திரங்கள் வீசியெறியும் துகள்களின் ஓட்டம், குடைந்த குழிகள். உங்கள் குறிப்பில் நட்சத்திரம் என்ற சொல்லே இல்லை. ஆசிரியருக்குத் தெரியாததா? இடம் போதவில்லை போலும்.

முன்பு ஒரு இதழில் நீங்கள் டாரன்டுலா நெபுலாவைப் பற்றி எழுதியதையும் நான் மறக்கவில்லை. பெரிய மகெல்லன் மேகம் என்ற பக்கத்து கேலக்ஸியில், சுமார் 1,60,000 ஒளியாண்டு தள்ளி இருப்பதை ஒரே வரியில் நம் பால்வீதிக்குள் இழுத்து வந்தீர்கள். பால்வீதிக்குள்ளேயே நமக்குப் பக்கத்தில் இருக்கும் ஓரியன் நெபுலாவின் தூரத்தில் அது இருந்தால் இரவில் நம் நிழல் தரையில் விழும், அவ்வளவு வெளிச்சம். அதற்கு முக்கியக் காரணம் நடுவிலுள்ள ஆர்136 நட்சத்திரக் கொத்து. அதையும் சொல்லவில்லை. அதற்கும் முன்னால் ஒரு இதழில், தூரத்தை அளக்கும் ஒளியாண்டைக் கால அளவாக்கினீர்கள். அப்போது நான் எழுதிய இரண்டு கடிதங்களும் இன்னும் உங்களை வந்து சேரவில்லை என்றே நினைக்கிறேன். தூரம் அப்படி!

சரி, கேட்பது சின்ன விஷயம்தான். என்.ஜி.சி. 604 இருப்பது 27 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள முக்கோண கேலக்ஸியில். இனிமேல் இந்த மாதிரிப் படம் போட்டால் எந்த கேலக்ஸி என்று கீழே போடுங்கள். அப்புறம், ‘எரியும்’ என்பதை ‘ஒளிரும்’ என்று மாற்றி ஒரு திருத்தம் வெளியிடுங்கள். இரண்டுமே நான்கெழுத்துதான், இடம் கூடுதலாக வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்